மூட்டு நோவுக்காரருக்கு எந்த யோகாசனக் காணொளி?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு 'யோகாசனமும் ஆரோக்கியமும்' என்பது. அது பெரிய தலைப்பு. அதைப் பற்றிப் பேசத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருக்கிறீர்கள். ஆகவே செயலாளரிடம் கேட்டு அதைச் சிறிதாக்கிக்கொண்டேன். மூட்டு நோவு உள்ள ஒருவர் வீட்டில் தனியே இருந்து, கைத்தொலைபேசியிலோ தொலைக்காட்சியிலோ காணொளி ஒன்றைப் பார்த்து யோகாசனம் செய்யப் போகிறார். கணக்கில்லாமல் கிடக்கும் காணொளிகளில் அவர் எதை எடுப்பது, எதை விடுவது? இவ்வளவுதான் என் பேச்சு. இன்று காலை நாங்கள் எல்லோரும் இந்த மண்டபத்துப் படிகளில் ஏறி வந்த விதத்தைப் பார்த்தபோது, தலைப்பைச் சரியாகத்தான் மாற்றியிருக்கிறேன் என்று பட்டது.

முதலில் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் இயன்மருத்துவராக வெளிநாட்டு வைத்தியசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஆனால் என் வேலை பெரும்பாலும் நெஞ்சு நோயாளிகளோடு. சளியை வெளியேற்றுவது, மூச்சைப் பழக்குவது. மூட்டுகளைப் பற்றிப் படித்தது உண்டு. நாளாந்தம் தொட்டுப் பார்த்தது குறைவு. என் அக்கா யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறா. உங்களில் சிலருக்கு அவவை வலைப்பந்து மைதானத்தில் கண்ட நினைவிருக்கும். அவவுக்கு ருமற்றொயிட் மூட்டுவாதம், இருபது வருடத்துக்கு மேலாக. 2020 இல் ஊரடங்கு வந்தபோது அவ போய்வந்த யோகாசன வகுப்பு நின்றுபோயிற்று. விரல்கள் விறைக்குது, காலையில் போத்தல் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னா. நான் அன்றிரவே காணொளி ஒன்றைத் தேடி அனுப்பினேன். தலைப்பில் 'மூட்டுவாதம்' என்றும் இருந்தது, 'ஆரம்பநிலை' என்றும் இருந்தது. நல்ல தமிழ், அமைதியான குரல். நான் பார்த்தது முதல் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் ஆசிரியை சம்மணமிட்டிருந்து விரல்களை விரித்து மடக்கிக்கொண்டிருந்தா. போதும் என்று நினைத்து அக்காவுக்கு அனுப்பினேன். எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன்.

அந்தக் காணொளியின் பிற்பகுதியில் சர்வாங்காசனமும் அதைத் தொடர்ந்து ஹலாசனமும் இருந்தன. அதாவது உடம்பின் பாரம் முழுவதும் தோளிலும் கழுத்திலும் இறங்கும் நிலைகள். அக்கா எங்கள் கல்லூரியில் படித்தவ அல்லவா, ரீச்சர் சொன்னதை இடையில் விடமாட்டா. இடுப்புக்குத் தலையணை வைத்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு கிழமை விடாமல் செய்திருக்கிறா. பிடரியில் நோ தொடங்கி மண்டைக்கு ஏறியது. பிறகு கைகளில் ஊசி குத்துவது போல விறுவிறுப்பு. ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் ஏன் என்று கேட்டபோது, "நீ அனுப்பினது, அதிலை பிழை இராது எண்டு நினைச்சன்" என்றா.

கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் வைத்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் விடயம் தெரிந்தது. ருமற்றொயிட் விரலையும் முழங்காலையும் மட்டும் பிடிக்கும் நோய் அல்ல. கழுத்தின் முதலாவது, இரண்டாவது முள்ளந்தண்டு என்புகளைப் பிணைத்து வைத்திருக்கும் இழையத்தையும் அது தளர்த்தக்கூடும். அந்த என்புகளுக்குள்ளால்தான் முண்ணாண் இறங்குகிறது. நல்ல மருந்துகள் வந்த பிறகு இது முன்னரைவிடக் குறைந்திருக்கிறது. ஆனாலும் நீண்ட காலம் நோயோடு இருந்தவர்களிடம் இல்லாமற் போகவில்லை. தளர்வு காணொளியால் வந்ததா, நோயால் வந்ததா என்று வைத்தியரிடம் கேட்டேன். "தளர்வு நோயால் வந்தது. அதன்மேல் பாரத்தை ஏற்றியது நீங்கள் அனுப்பியது" என்றார். அக்காவுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. சில காலம் கழுத்துப் பட்டி, அதன் பிறகு ஒழுங்கான பரிசோதனை. கைகள் திரும்பிவிட்டன. அது எங்கள் அதிர்ஷ்டம்.

இதைக் கேட்டுவிட்டு யோகாசனமே கூடாது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அது நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ருமற்றொயிட் அல்லது முழங்கால் தேய்வு உள்ள, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 75 பேரை எடுத்துக்கொண்டார்கள். யோகாசனக் குழுவுக்குக் கிழமைக்கு இரண்டு ஒரு மணிநேர வகுப்புகள், அதோடு வீட்டுப் பயிற்சி, 8 கிழமைகளுக்கு. நோ குறைந்தது, உற்சாகம் கூடியது, நாளாந்த வேலைகள் இலகுவாயின. அமெரிக்க மூட்டுநோய் வைத்தியர்களின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டலும் முழங்கால் தேய்வுக்கு யோகாசனத்தை ஓரளவு பரிந்துரைக்கிறது. ஓரளவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட அழுத்தமாக அவர்கள் பரிந்துரைப்பது சீனத்துத் தாய்ச்சியை. எதுவானாலும், அசையாமல் வைத்திருக்கும் மூட்டு இன்னும் விறைக்கும், அதைச் சுற்றியுள்ள தசை மெலியும். நோ என்று கதிரையிலேயே இருந்துவிடுவது பாதுகாப்பு அல்ல.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 75 பேரையும் சேர்க்க முன்னர் வைத்தியர் பார்த்திருக்கிறார். வகுப்பில் மூட்டு நோயாளரைத் தெரிந்த ஆசிரியர் முன்னால் நின்றிருக்கிறார். காணொளியில் இந்த இரண்டும் இல்லை. எங்கள் உடற்பயிற்சி ரீச்சரை நினைத்துப் பாருங்கள். விசிலை வாயில் வைத்துக்கொண்டு வரிசைக்குப் பின்னால் நடந்து வருவா. முதுகில் இரண்டு விரல் படும், நாங்கள் நிமிர்வோம். யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடாமல் வந்தது என்று முகத்தைப் பார்த்தே மரநிழலுக்கு அனுப்பிவிடுவா. காணொளியில் வருகிற ஆசிரியைக்கு நாங்கள் தெரிவதில்லை. எங்கள் கழுத்து தளர்ந்திருப்பதோ முழங்கால் வீங்கியிருப்பதோ தெரியாமல்தான் அவ "இன்னும் கொஞ்சம்" என்று சொல்கிறா. அவ பார்க்க முடியாததை எங்களுக்குச் சொல்லித் தந்து, எங்களையே பார்க்கவைக்கிற காணொளிதான் எங்களுக்கு வேண்டியது.

அதற்கு முன், உங்களுக்கு இருப்பது எந்த மூட்டுநோய் என்று தெரிந்திருக்க வேண்டும். 'வாதம்' என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்களைப் போட்டு வைத்திருக்கிறோம். தேய்வினால் வரும் முழங்கால் நோவுக்கு ஒரு வகை. வீங்கிச் சுடுகின்ற ருமற்றொயிட்டுக்கு வேறு வகை. ருமற்றொயிட் உள்ளவர்கள், கழுத்து எப்படி இருக்கிறது என்று வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தலைகீழ் நிலை எதையும் தொட வேண்டாம். பிறெட்னிசலோன் நீண்ட காலம் எடுத்தவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். அவர்களுக்கு முதுகை வளைத்துக் குனிந்து கால்விரலைப் பிடிக்கும் ஆசனங்கள் முள்ளந்தண்டை நெரிக்கக்கூடியவை. இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் பலருக்கு, தொடையை 90 பாகைக்கு மேல் மடிக்க வேண்டாம், காலுக்கு மேல் கால் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அதைச் சொன்ன சத்திரசிகிச்சை நிபுணரின் வார்த்தைதான் மேல், காணொளி கீழ்.

சரி, தேர்வுக்கு வருவோம். காணொளியை முதலில் செய்யாதீர்கள், பாருங்கள். ஒரு கோப்பை தேத்தண்ணியோடு கதிரையில் இருந்து, தொடக்கம் முதல் கடைசி வரை. நான் செய்யாமல் விட்டது இதைத்தான். பார்க்கும்போது ஒரேயொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருங்கள்: என்னால் முடியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இவ சொல்கிறாவா? நல்ல ஆசிரியை ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மூன்று விதம் காட்டுவா. நின்று செய்வது, சுவரைப் பிடித்துச் செய்வது, கதிரையில் இருந்து செய்வது. சிலர் பக்கத்தில் இன்னொருவரை இருத்தி, இலகுவான விதத்தை அவரைக் கொண்டு காட்டுவார்கள். அப்படி இருவர் மூவர் தெரிகிற காணொளி என்றால் உடனே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த மற்றவர் எங்கள் வயதினராக, எங்கள் உடம்பினராக இருந்தால் இன்னும் நல்லது. இருபத்தைந்து வயதுப் பிள்ளை கதிரையில் இருந்து செய்தாலும் அவளுடைய இடுப்பு அவளுடையதுதான்.

அடுத்தது, நிலத்துக்கு எப்படி இறங்குகிறார்கள், எப்படி எழும்புகிறார்கள் என்று பாருங்கள். இது பெரும்பாலான காணொளிகளில் இல்லவே இல்லை! ஆசிரியை நின்றுகொண்டிருப்பா, அடுத்த காட்சியில் பாயில் படுத்திருப்பா. எங்களுக்கு உள்ள பெரும் ஆசனமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கதிரையைப் பிடித்து, ஒரு முழங்காலை மடித்துத் தலையணையில் வைத்து, பக்கவாட்டில் சாய்ந்து இறங்கி, அதே வழியால் திரும்பி எழும்புவதை ஆறுதலாகக் காட்டுகிறவர், மூட்டு நோயாளரோடு பழகியவர் என்று நம்பலாம். நிலத்துக்கு இறங்க முடியாதவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதிரை யோகாசனம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் லக்ஷ்மி வோல்கர் என்ற ஆசிரியை 1982 இல் அதைத் தொடங்கியதே, மூட்டுவாதத்தால் நிலத்தில் இருக்க முடியாமற் போன தம் மாணவி ஒருவருக்காக. அந்த மாணவி முப்பதுகளில் இருந்த பெண். கதிரை கிழவிகளுக்கு மட்டும் என்று நினைக்கும் தங்கைமார் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூனேயில் பி. கே. எஸ். ஐயங்கார் அதற்கு முன்னரே கதிரை, கட்டை, பட்டி, கயிறு என்று வைத்து நோயாளருக்குப் பழக்கியவர். அவருடைய வழியில் வந்தவர்களின் காணொளிகளில் இந்த உதவிப் பொருட்களைக் காணலாம்.

கதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளில் உள்ள பிளாஸ்ரிக் கதிரை இதற்கு ஆகாது. சீமெந்து நிலத்தில் சறுக்கும், பக்கத்தில் சாய்ந்தால் கால் வளையும். சில்லு வைத்த அலுவலகக் கதிரை அதைவிட மோசம். கைபிடி இல்லாத மரக் கதிரையை, முதுகு சுவரில் முட்ட வையுங்கள். பனையோலைப் பாயும் நின்று செய்வதற்குச் சறுக்கும். வெறும் காலோடு வெறும் நிலம் மேல்.

பெயர்களைக் கண்டு ஏமாற வேண்டாம். 'மென்மையான', 'ஆரம்பநிலை', 'மூத்தோருக்கு' என்ற சொற்களுக்கு ஒரு அளவுகோலும் கிடையாது. பதிவேற்றுகிறவர் விரும்பியதைப் போடலாம். மென்மையானது என்று பெயரிட்ட சூரிய நமஸ்காரக் காணொளிகளில்கூட, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றி உடம்பைத் தாங்கும் நிலைகள் திரும்பத் திரும்ப வரும். விரலும் மணிக்கட்டும் பழுதானவருக்கு அதுதான் கொடுமை. சுவரில் கையை வைத்தோ, முன்கையை மேசையில் ஊன்றியோ செய்யலாம் என்று காட்டாவிட்டால் அந்தக் காணொளியை விடுங்கள். வஜ்ராசனமும் பத்மாசனமும் அப்படித்தான். முழங்காலை முழுதாக மடித்து அதன்மேல் இருப்பதை ஒரு தகுதிப் பரீட்சையாக வைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மற்றவர்களுக்கு.

வேகமும் பாருங்கள். "மூச்சை இழு, விடு" என்று அவ சொல்வதற்குள் உங்களால் அந்த நிலைக்குப் போய்ச் சேர முடியுமா? முடியாவிட்டால் நீங்கள் அவசரப்படுவீர்கள், அவசரத்தில்தான் பிடித்துக்கொள்ளும். காலும் பாதமும் திரையில் முழுதாகத் தெரிகிறதா? குரலை மட்டும் கேட்டே செய்யக்கூடிய அளவுக்குத் தெளிவாகச் சொல்கிறாவா? இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், கைத்தொலைபேசியை நிலத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு நிலையிலும் கழுத்தைத் திருப்பி அதைப் பார்ப்பதுதான் பலருடைய கழுத்து நோவுக்குக் காரணம். பிள்ளைகளிடம் சொல்லித் தொலைக்காட்சியில் போடுங்கள், கண் மட்டத்தில். முடிந்தால் காணொளியைத் தரவிறக்கி வையுங்கள். ஒற்றைக் காலில் விருட்சாசனத்தில் நிற்கும்போது இடையில் சவர்க்கார விளம்பரம் உரத்து வந்து, திடுக்கிட்டு விழப்போன ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறா. பெயர் சொல்ல மாட்டேன்.

ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஏழு நாளில் மூட்டுவாதம் மறையும், மாத்திரையே தேவையில்லை என்று சொல்கிற காணொளியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதில் காட்டும் ஆசனம் சரியாக இருந்தாலும்கூட. கிழமைக்கொரு தரம் எடுக்கிற மெதோட்றெக்சேற்றை ஆசனத்தை நம்பி விட்டவர்களுக்கு, சில மாதங்களில் மூட்டு திரும்பிவராத அளவுக்குச் சிதைந்துபோகலாம். யோகாசனம் மருந்தோடு சேர்ந்து நடப்பது. அதற்குப் பதிலாக வருவது அல்ல.

தேர்ந்தெடுத்த பிறகு, அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்? இயன்மருத்துவர்கள் பாவிக்கும் இரண்டு மணித்தியாலக் கணக்கு இருக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும், தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட நோ கூடுதலாக இருந்தால், நீங்கள் செய்தது அதிகம். அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். தசை இழுபடுவது போன்ற உணர்வு சரி. மூட்டுக்குள் கத்தி போல வருவது சரியல்ல. மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கியிருக்கும் நாட்களில் பாரம் ஏற்றும் நிலை எதுவும் வேண்டாம். மெல்ல அசைத்துவிட்டால் போதும். விடியற்காலையில் செய்ய வேண்டும் என்ற சாத்திரத்தையும் விடுங்கள். காலை விறைப்பு இறங்கி, சுடுநீரில் குளித்து, பத்து மணிக்குச் செய்தால் யோகாசனம் கோபிக்காது. கைநடுக்கம், விறுவிறுப்பு, நடையில் தள்ளாட்டம் என்று எது வந்தாலும் அன்றே நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். அனுப்பியது தங்கை என்று பேசாமல் இருக்க வேண்டாம்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு வேர்சஸ் ஆர்த்ரைற்றிஸ் என்ற பெயரில் இயங்கிவந்த தொண்டு நிறுவனம் இருக்கிறது. கனடாவில் ஆர்த்ரைற்றிஸ் சொசைற்றி, அவுஸ்திரேலியாவில் ஆர்த்ரைற்றிஸ் அவுஸ்திரேலியா, அமெரிக்காவில் ஆர்த்ரைற்றிஸ் பவுண்டேசன். மூட்டு நோயாளருக்கென்றே இருக்கும் இப்படியான இடங்களிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். தனி ஆசிரியர்களில், அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த பெகி கப்பியின் பாடங்கள் கதிரையோடு ஆறுதலாகப் போகின்றவை. இவை எல்லாம் ஆங்கிலம். தமிழில் கதிரை யோகாசனக் காணொளிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்த பிறகே அம்மாவுக்கோ மாமிக்கோ அனுப்புங்கள். அனுப்பும்போது, "இதில் இத்தனையாவது நிமிடத்தில் வருவதை நீங்கள் செய்ய வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கோயில் படம் அனுப்புவது போல இதை அனுப்பக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நானும் அக்காவும் இப்போது செய்வது இதுதான். கிழமையில் மூன்று நாள், யாழ்ப்பாணத்தில் பிற்பகல் மூன்று மணி, எனக்கு இங்கிலாந்தில் கோடை என்றால் காலை பத்தரை. அவ கதிரையில் இருந்து பதினெட்டு நிமிடக் காணொளியைச் செய்வா. நான் வட்ஸ்அப்பில் அவவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காணொளியை அல்ல, அவவை. தோள் காதுக்கு ஏறினால் சொல்வேன். மூச்சைப் பிடித்தால் சொல்வேன். பிறகு நான் செய்வேன், அவ பார்ப்பா. என் பெருவிரல் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. அதை மறைத்துக்கொண்டு நான் கையை ஊன்றினால் அவவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அந்தக் காணொளியில் கழுத்தைப் பின்னுக்குச் சரிக்கும் இடம் ஒன்று வருகிறது. அக்கா அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்து, "இது எங்களுக்கு இல்லை, பிள்ளை" என்று திரைக்குள் இருக்கிற ஆசிரியைக்குச் சொல்லுவா.

எங்கள் சங்கத்துக்குக் கொழும்பில், லண்டனில், ரொறன்ரோவில், மெல்பேணில் கிளைகள் இருக்கின்றன. தனியே இருக்கிற பழைய மாணவி ஒருவருக்கு இன்னொரு பழைய மாணவி கண்ணாக இருப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. ரொறன்ரோவில் கோடையில் காலை ஏழரை என்றால் இங்கே மாலை ஐந்து, நேரம் பொருந்தும். பின்வரிசைக்குப் பக்கத்தில் உள்ள மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயர், இருக்கும் ஊர், எந்த மூட்டு, எந்த நேரம் என்று எழுதிவிட்டுத் தேநீருக்குப் போங்கள். சோடி சேர்ப்பது என் வேலை. முதற் பெயராக அக்கா தன் பெயரை எழுதிவிட்டா, தன் கையால்.